பிரவுன் ஓடிய வாரம்

கலர் விஷயத்தில் குருசாமியின் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது. பெருமாநல்லூர் ரோட்டில் தனபால் நடத்தும் சாயப்பட்டறையில் பதினெட்டு வருடமாக அவர்தான் டையிங் மாஸ்டர். மிஷினில் ஓடும் ஈரத்துணியில் ஒரு துண்டு வெட்டியெடுத்து, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பினால் போதும், "செவப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிடுவார். லேபில் இருக்கும் கம்ப்யூட்டர் அதையே பத்து நிமிடம் கழித்துச் சொல்லும். அப்பேர்ப்பட்ட கண். அந்தக் கண்தான் கடைசியில் அவர் காலை வாரிவிட்டது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். சாம்பிள் போட்டுப் பார்க்காமல் ஒரு கிலோ துணியைக்கூட மிஷினில் ஏற்ற மாட்டார் மனிதர். நேற்று ஓடிய அதே கலர், அதே ரெசிபிதானே என்று ஆட்கள் கெஞ்சினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "நூலு வேறய்யா! நேத்து வந்த நூலும் இன்னைக்கு வந்த நூலும் ஒண்ணா? ஒரே சாயத்த ஒண்ணு குடிக்கும், ஒண்ணு துப்பும். போ, அஞ்சு கிராம் துணியில போட்டுக் கொண்டா, பாப்போம்" என்று விரட்டுவார். துணிக்கு இத்தனை பார்த்த ஆள் தன் உடம்புக்கு என்ன பார்த்தார்? ஒன்றும் பார்க்கவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

போன மார்கழியில், துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது என்று பட்டறையில் மெடிக்கல் கேம்ப் போட்டு எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். குருசாமிக்குக் கொலஸ்ட்ரால் இருநூற்று எண்பது. கேம்புக்கு வந்த டாக்டர் சீட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கச் சொன்னார். குருசாமிக்கு அப்பாவின் நினைவு வந்தது. விளாத்திகுளத்துப் பக்கம் கருவேல விறகை எரித்துக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர் அவருடைய அப்பா. நாற்பத்தெட்டாவது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. குருசாமிக்கு இப்போது ஐம்பத்தொன்று.

சீட்டை வாங்கிப் பார்த்த முதலாளி தனபால் சிரித்தே விட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கறீங்க? எனக்கு முன்னூத்தி இருவது இருந்துச்சுங்க. ரெண்டு வருசமா இந்த மாத்திரையத் தின்னுட்டு இருக்கறன். இப்ப நூத்தி அறுவது. கல்லாட்ட இருக்கறன், பாருங்க."

"டாக்டரு நேர்ல வரச் சொல்லிருக்காரே மொதலாளி."

"போனா அரை நாள் போயிருமுங்க. போயும் அவரு என்ன எழுதுவாரு? இதையேதான் எழுதுவாரு. நீங்களும் நானும் பதினெட்டு வருசமா ஒரே போர்த் தண்ணி, ஒரே டீக்கடை, ஒரே மெஸ் சோறு. எனக்கு ஒத்துக்கிட்டது உங்களுக்கு ஒத்துக்காமப் போயிருமுங்களா? ஒண்ணும் ரோசனை பண்ணாதீங்க, போடுங்க."

மேஜை டிராயரைத் திறந்து இரண்டு அட்டை எடுத்துக் கொடுத்தார். நாற்பது மில்லிகிராம் மாத்திரை. மாஸ்டர் எப்போது வந்து கேட்டாலும் கொடுக்கச் சொல்லி மெடிக்கல் கடைக்கும் அப்போதே போன் போட்டார். தனபாலிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தன் இலையில் இருப்பதை எடுத்து அடுத்தவர் இலையில் வைக்கிற மனசு. அந்த மனசைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

அன்றைக்கே குருசாமி ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, ஒன்றும் செய்யவில்லை. ஒத்துக்கொண்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

பொங்கல் வந்தது. ஊரில் இருக்கும் தங்கை ராமுத்தாய்க்குப் பொங்கல் சீர் அனுப்பாமல் குருசாமிக்குத் தொண்டையில் சோறு இறங்காது. புருஷன் செத்த பிறகு அவளும் கரிமூட்டத்துக்குத்தான் கூலிக்குப் போகிறாள். அந்தக் கூலியில் ஒரே மகள் சத்யப்பிரியாவைக் கோவில்பட்டியில் காலேஜுக்கு அனுப்புகிறாள். அரிசி, வெல்லம், சேலை, காதர்பேட்டை பனியன் கடைகளில் பார்த்துப் பார்த்து எடுத்த நான்கு டீசர்ட் என்று எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது குருசாமிக்கு ஒரு யோசனை வந்தது. அப்பாவின் நெஞ்சு தனக்கு வந்திருக்கிறது என்றால் தங்கைக்கும் வந்திருக்கும்தானே? அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார்? வெல்லத்துக்கும் சேலைக்கும் நடுவே நான்கு அட்டை மாத்திரையைச் செருகினார்.

மனைவி அபிராமி பார்த்துவிட்டாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"அவுகளுக்கு ரத்தம் பாத்தாகளா? யாரு சொன்னா மாத்திர போடச் சொல்லி?"

"ஒரே வயித்துல பொறந்தவ. எனக்கு ஒத்துக்கிட்டா அவளுக்கு ஒத்துக்காதாக்கும்? எங்களுக்கு ஒரே ரத்தம்டி."

ஒரே ரத்தம் என்றார் பாருங்கள், அது மட்டும் நூற்றுக்கு நூறு சரி.

மாசி பிறந்ததும் குருசாமிக்குத் தொடையில் வலி தொடங்கியது. முதலில் நாள் பூரா நிற்கிற வலி என்றே நினைத்தார். பிறகு மிஷின் மேடைக்கு ஏறும் ஐந்து படியும் மலையாகத் தெரிந்தது. தோள் இரண்டும் கனத்துப்போய், சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் உயிர் போயிற்று. தனபாலிடம் சொன்னார். டாக்டரிடம் போகாமல் தனபாலிடம் போய்ச் சொன்னார், தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"கொழுப்பு அடச்சிருந்தா அப்படித்தான் வலிக்குமுங்க மாஸ்டர். காலுக்கு ரத்தம் போகோணுமல்லங்க? உங்களுக்கு இன்னும் கரையிலயாட்ட இருக்குது."

குருசாமிக்கு அது சட்டென்று பிடிபட்டது. தொழிலும் அதுதானே? துணியில் நிறம் ஏறவில்லை என்றால் அதே மிஷினில் இன்னும் கொஞ்சம் சாயம் கரைத்து ஊற்றுவார்கள். அதற்குப் பட்டறையில் அடிஷன் என்று பேர். வாழ்நாள் பூரா துணிக்கு அடிஷன் கொடுத்தவர் இப்போது உடம்புக்கும் கொடுத்தார். அன்று முதல் தினமும் இரண்டு மாத்திரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தங்கைக்குப் போன் போட்டார்.

"அண்ணே, தொட ரெண்டும் கடுக்குதுண்ணே. கரி மூடயத் தூக்க முடியல" என்றாள் ராமுத்தாய்.

"எனக்கும்தான் தாயி. கொழுப்பு அடச்சிருக்காம். நான் ரெண்டாப் போடுதேன், நீயும் ரெண்டாப் போடு. பத்தலைன்னா கவலப்படாத, நாளைக்கே பஸ்ஸுல அனுப்பி விடுதேன்."

"சரிண்ணே."

அவ்வளவுதான். அண்ணன் சொல்லிவிட்டால் ராமுத்தாய்க்கு மறுபேச்சு கிடையாது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்ததிலிருந்து மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதுவரை அண்ணன் வாக்குத்தான். மறுநாள் சொன்னபடி பஸ்ஸில் பார்சலும் போயிற்று.

பங்குனியில் சாக்லேட் பிரவுன் ஆர்டர் இறங்கியது. ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் தொப்பி வைத்த சட்டைக்கான துணி. நான்கு மிஷினிலும் பிரவுன் லாட், அதாவது ஒரே கலரில் ஏற்றும் துணி. சாயப்பவுடர் நிறுக்கும் அறைக்குள் போய்வந்தால் புருவத்தில், காது மடலில், நகக்கண்ணில் எல்லாம் பிரவுன். பட்டறைக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். நேவி ஓடும் வாரத்தில் மூக்கைச் சிந்தினால் நீலமாக வரும். மெரூன் ஓடினால் தலையணை உறை சிவக்கும். "என்ன மாஸ்டர், இந்த வாரம் என்ன கலர்ல துப்புறீங்க?" என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள்.

ஆகவே, ஒருநாள் காலையில் கழிப்பறையில் நின்றுகொண்டு தன் சிறுநீர் காபி டிகாஷன் மாதிரி விழுவதைப் பார்த்தபோது குருசாமி பயப்படவில்லை. பயப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் செய்தது என்ன தெரியுமா? குனிந்து ஷேடு பார்த்தார். 'லாட்டை விடச் செவப்பு கொஞ்சம் தூக்கல்' என்று நினைத்துக்கொண்டார். பவுடர் உள்ளே போயிருக்கிறது, லாட் முடிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று தண்ணீரை ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். பதினெட்டு வருடத்தில் எத்தனை கலர் ஓடியிருக்கும்! ஒரு கலராவது அந்த வழியாக வந்ததுண்டா என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. வீட்டில் அபிராமியிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராமுத்தாயின் குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, ஒரு மாதிரி பயமா இருக்குண்ணே. ஒண்ணுக்குப் போனா கடுந்தேத்தண்ணி கணக்கா வருது."

குருசாமி சிரித்தார். "அட, எனக்கும் அப்படித்தான் வருது. எனக்குச் சாயப்பவுடரு, ஒனக்கு வெயிலு. இந்தப் பங்குனி வெயில்ல மூட்டத்து நெருப்புக்கிட்ட நின்னா வேற எப்படி வரும்? தண்ணி நெறையக் குடி. ரெண்டு மூணு நாள்ல கலரு போயிரும்."

"ஒங்களுக்குமா?" அவளுக்கு உயிர் வந்தது. "அப்ப ஒங்க பட்டறைச் சாயம்தான் போன் வழியா இங்க வந்துருச்சாக்கும்!"

அண்ணனும் தங்கையும் சேர்ந்து சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்மென்ட் அவசரம். குருசாமி பட்டறையிலேயே கிடந்தார், போன் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி டீ வந்தபோது குருசாமியால் ஸ்டூலை விட்டு எழ முடியவில்லை. கால் இருக்கிறது, ஆனால் சொன்னபடி கேட்கவில்லை. டீ கிளாஸைப் பிடிக்கக் கை நீட்டினார், கை பாதியிலேயே விழுந்துவிட்டது. பயம் அப்போதுதான் வந்தது. ஆட்கள் கூடிவிட்டார்கள். தனபால் ஓடிவந்து, இரண்டு பேர் உதவியோடு அவரைத் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வழி நெடுக, "ஒண்ணும் இல்லீங்க மாஸ்டர், ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். 

ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப் பாட்டிலைப் பார்த்ததும் அங்கே இருந்த அம்மா டாக்டரின் முகம் மாறியது. "இந்தக் கலர் எத்தனை நாளா வருது?" என்று கேட்டார்.

"அது சாயம் டாக்டர்" என்றார் குருசாமி. "பிரவுன் லாட் ஓடுது. முடிஞ்சா போயிரும்."

டாக்டர் உடனே நர்ஸைக் கூப்பிட்டார். ரத்தம் எடுத்தார்கள். அபிராமி கம்பெனியிலிருந்து அழுதுகொண்டே வந்து சேர்ந்தபோது குருசாமியின் இரண்டு கையிலும் பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் ரிசல்ட்டோடு டாக்டர் வந்தார்.

"இது சாயம் இல்லீங்க. உங்க சதை."

மூன்று பேருக்கும் புரியவில்லை.

"உடம்புல இருக்கற சதை உடைஞ்சு, ரத்தத்துல கலந்து, கிட்னி வழியா வெளிய வருது. அதுதான் இந்தக் கலர். இது கிட்னியையும் அடைக்கும், பாதி அடைச்சாச்சு. என்ன மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கீங்க?"

தனபால் தன் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய அட்டையை எடுத்து நீட்டினார். "நான்தானுங்க குடுத்தன்" என்றார்.  "எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே, டாக்டர்? ரெண்டு வருசமா நானும் இதைத்தான தின்னுட்டு இருக்கறன்?"

"மாத்திரை நல்ல மாத்திரைதாங்க. எத்தனையோ பேரைக் காப்பாத்துது. உங்களையும் காப்பாத்திட்டு இருக்கு." டாக்டருக்குக் கோபம் இருந்தது, ஆனாலும் நிதானமாகத்தான் சொன்னார். "இந்த மருந்து போய் வேலை செய்யற இடம் கல்லீரல். ரத்தத்துல இருந்து மருந்தை உள்ள இழுத்துக்கறதுக்குக் கல்லீரல்ல ஒரு வாசல் மாதிரி இருக்கு. அந்த வாசல் எப்படி அமையணும்கறது அவங்கவங்க ஜீன்லயே எழுதியிருக்கும், பிறவியிலேயே. உங்களுக்கு அது சரியா அமைஞ்சிருக்கு. சில பேருக்குக் குறுகலா அமைஞ்சிரும். மருந்து உள்ள போகாம ரத்தத்துலயே தேங்கி நிக்கும், நின்னு சதையைக் கரைக்க ஆரம்பிச்சிரும். டோஸ் ஏற ஏற ஆபத்து. இவருக்கு அதுதான்னு நினைக்கறேன். டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன், ரிசல்ட் வர நாளாகும். தினம் ஒண்ணுதான போட்டீங்க?"

"ரெண்டு" என்றார் குருசாமி.

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். அபிராமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொழச்சுக்குவாருங்களா?" என்று தனபால் கேட்டார்.

"சிறுநீர் கறுப்பா வந்தாலும் வந்துட்டு இருக்கு பாருங்க, அதுக்குச் சந்தோஷப்படுங்க. அது நின்னு போச்சுன்னாத்தான் பயம். நின்னுட்டா உடனே டயாலிசிஸ் மிஷின்ல போட்டாகணும். நேரத்துக்குப் போடலைன்னா ஆள் தங்க மாட்டாங்க." டாக்டர் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே, எல்லோரிடமும் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "இனிமே இந்த மாத்திரையைத் தொடவே கூடாது. உங்க கூடப் பிறந்தவங்க யாராவது இருந்தா அவங்ககிட்டயும் சொல்லி வைங்க. ஒரே ரத்தம், அவங்களுக்கும் இதே மாதிரி அமைஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு."

எழுதி முடித்து அவர் கதவை நோக்கி நடந்தார். குருசாமி படுக்கைக்குப் பக்கத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பாடம் ஒன்று உண்டு: வேறு வேறு மிஷினில் ஒரே ஷேடு வந்தால், இரண்டிலும் போனது ஒரே சாயம். அவருக்கு இங்கே பிரவுன் லாட் ஓடியது, சரி. விளாத்திகுளத்தில் என்ன லாட் ஓடியது? தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவர்தான். அவரிடம்தான் அவள் கேட்டாள். அவர்தான் சிரித்தார்.

"போன்" என்றார். "ராமுத்தாய்க்குப் போன் போடு. சீக்கிரம் போடுடி!"

அபிராமிக்கும் அப்போதுதான் பொங்கல் பெட்டி நினைவுக்கு வந்தது. அவசரத்தில் இரண்டு தடவை தப்பான பேரை அழுத்தினாள். மூன்றாவது தடவை மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு அவர் வாயருகே பிடித்தாள். எடுத்தது சத்யப்பிரியா.

"மாமா! இப்பத்தான் ஒங்களப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். போன வாரம் ஏன் போன் போடல?"

"அம்மா எப்படி இருக்கா?"

"நீங்க சொன்னது சரியாப் போச்சு மாமா. அந்தக் கலரு நின்னுருச்சு."

குருசாமி மூச்சை விட்டார். "நின்னுருச்சா? நல்லா வெள்ளையா வருதா?"

"வெள்ளையாவும் வரல மாமா. முந்தாநாள்ல இருந்து ஒண்ணுக்கே வரல. ஆனா கலரு போயிருச்சுல்ல, அண்ணன் சொன்னா சொன்னதுதான்னு அம்மாவுக்கு ஒரே சந்தோசம். காலும் மூஞ்சியும் மட்டும் வீங்கிருக்கு. படுத்தா மூச்சு வாங்குது. நர்சம்மாகிட்டப் போவோம்னு கூப்புட்டேன், மாமாகிட்டக் கேக்காம வரமாட்டேன்னு ஒக்காந்திருக்கு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "கால் வலி இன்னும் விடல மாமா. இன்னைக்கு மூணாப் போடலாமான்னு கேக்கச் சொல்லுச்சு."

கதவருகே நின்றுவிட்ட டாக்டர் ஓடிவந்து போனைப் பிடுங்கினார். "மாத்திரையைத் தூக்கிப் போடும்மா. உடனே ஒரு வண்டியைப் பிடிச்சு அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. கிட்னி மிஷின் இருக்கற ஆஸ்பத்திரிக்கு. இப்பவே, இந்த நிமிஷம்!"

 அந்தப் பக்கம் சத்யப்பிரியாவின் குரல் பயந்துபோய் வந்தது. "நீங்க யாரு? மாமாகிட்டக் குடுங்க. மாமா சொன்னாத்தான் அம்மா கேக்கும்."

டாக்டர் போனை மறுபடி குருசாமியின் வாயருகே கொண்டுவந்து, "சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, இளைத்துப்போன ஒரு குரல், "அண்ணே, மூணாப் போடட்டா?" என்று கேட்டது. குருசாமி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.